நேருக்கு நேர் பார்த்த பேரரசர்: ரோமானியக் காசுகளில் சில அபூர்வ முகங்கள்

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)



எங்க தாத்தாகிட்ட ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே பிஸ்கட் கிடையாது. காலணா, அரையணா, நாலைந்து வெள்ளி ரூபாய். விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என்று தரையில் வரிசையாகப் பரப்பி விளையாடுவேன். அப்பவே ஒரு விஷயம் என்னை உறுத்தும். இத்தனை ராஜா ராணி இருக்காங்க, ஒருத்தர்கூட என்னைப் பார்க்கலையே! எல்லாரும் இடது பக்கமோ வலது பக்கமோ திரும்பிக்கிட்டு, வேற யாரையோ பார்த்துக்கிட்டு இருக்காங்க.

பிற்பாடு ரோமானியக் காசுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, இது ரெண்டாயிரம் வருஷத்துப் பழக்கம். கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் தான் உயிரோடு இருக்கும்போதே ரோமின் காசில் தன் முகத்தைப் போட வைத்தார். அது பக்கவாட்டு முகம். அவருக்குப் பின்னால் வந்த பேரரசர்களும் முந்நூறு வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் அப்படியேதான் இருந்தார்கள். மூக்கு, தாடை, கழுத்து, தலையில் ஒரு இலை மாலை. அவ்வளவுதான்.

ஆனா கி.பி. 290-லிருந்து 395 வரைக்கும் ஒரு நூறு வருஷம் இருக்கு பாருங்க, அந்தக் காலத்துக் காசுகளில் சில விசித்திரமான முகங்கள் வந்து போகின்றன. நேராக நம்மைப் பார்க்கும் முகம். வானத்தைப் பார்க்கும் முகம். தாடி வைத்த முகம். ஒரே காசில் மூன்று பேர் ஒட்டி நிற்கும் முகம். இவை ரொம்பக் கொஞ்சமாகத்தான் கிடைத்திருக்கின்றன. இன்றைக்கு அந்த முகங்களைப் பற்றித்தான் பேசப் போறேன். அவை ஏன் வந்தன, வந்த பிறகு அந்த முகத்துக்காரர்களுக்கு என்ன ஆச்சு என்பதுதான் கதை.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம். அந்தக் காலத்தில் காசு 'அடிப்பார்கள்'. கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, நடுவில் ஒரு உலோக வில்லை, சுத்தியலால் ஒரு அடி. முடிந்தது. இது நடக்கும் இடத்துக்குத் தமிழில் அக்கசாலை என்று பெயர். ஒரு புது முகம் காசில் வர வேண்டுமென்றால், அச்சு வெட்டுபவர் உட்கார்ந்து அதைத் தலைகீழாகவும் குழியாகவும் இரும்பிலோ வெண்கலத்திலோ செதுக்க வேண்டும். கை போன போக்கில் வந்துவிடும் வேலை இல்லை. யாரோ ஒருவர் "இப்படிப் போடு" என்று உத்தரவு கொடுத்திருந்தால்தான் அந்த முகம் இருக்கும்.

நாலு பேருக்கு ஒரே முகம்

235-லிருந்து 284 வரை ரோமுக்குப் போதாத காலம். ஐம்பது வருஷத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள் வந்து போனார்கள். பெரும்பாலானவர்களுக்கு இயற்கையான சாவு வாய்க்கவில்லை. சொந்தப் படையே கொன்றது.

284-ல் டயோக்ளீஷியன் வந்தார். ஒரே ஆள் இவ்வளவு பெரிய பேரரசைக் கட்டி மேய்க்க முடியாது என்று புரிந்துகொண்டு முதலில் மாக்சிமியனைச் சேர்த்துக்கொண்டார். பிறகு 293-ல் இன்னும் இரண்டு இளைய ஆட்சியாளர்களை நியமித்தார். நாலு பேர் ஆட்சி. நாலு பேர் ஆண்டால் 'யார் பெரியவர்' என்ற சண்டை வரும் இல்லையா? அதைத் தடுக்கக் காசிலேயே ஒரு வழி செய்தார்கள். நாலு பேருக்கும் ஏறக்குறைய ஒரே முகம். சதுரத் தலை, ஒட்ட வெட்டிய தாடி, தடித்த கழுத்து. பெயரைப் படித்தால்தான் யாரென்று தெரியும். வெனிஸ் நகரில் புனித மார்க் தேவாலயத்தின் மூலையில் செந்நீலக் கல்லில் நாலு பேர் கட்டிப்பிடித்து நிற்கும் சிற்பம் ஒன்று இருக்கிறது. அதுவும் இவர்கள்தான் என்று கருதப்படுகிறது. அதிலும் யார் யார் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

சிற்பிக்குக் கை வரலைன்னு நினைக்காதீங்க. 'ஆட்கள் மாறலாம், ஆட்சி ஒன்றுதான்' என்பதைச் சொல்வதற்காகவே அப்படிச் செய்தார்கள்.

'கராசியஸும் அவர் சகோதரர்களும்'

அந்த ஏற்பாட்டுக்குள் அழைப்பில்லாமல் நுழையப் பார்த்த ஒருத்தர் இருந்தார். பெயர் கராசியஸ். இன்றைய பெல்ஜியம் பக்கத்துக்காரர், சாதாரணக் குடும்பம். இங்கிலீஷ் கால்வாயில் கடற்கொள்ளையர்களைப் பிடிக்கும் கப்பற்படைக்கு இவரைத் தலைவராகப் போட்டார்கள். கொள்ளையரைப் பிடித்தார். ஆனால் மீட்ட பொருளை உரியவர்களிடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொள்கிறார் என்று புகார் போனது. மாக்சிமியன் மரண தண்டனை என்றார். கராசியஸ் 286 வாக்கில் "நானே பேரரசர்" என்று பிரிட்டனில் அறிவித்துவிட்டார்.

அவரை அடக்க மாக்சிமியன் எடுத்த முயற்சி 289 வாக்கில் தோற்றது. அதன் பிறகு கராசியஸ் அடித்த ஒரு காசைத்தான் நான் சொல்ல வந்தேன். அதில் மூன்று தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஒரே திசையைப் பார்க்கின்றன. கராசியஸ், டயோக்ளீஷியன், மாக்சிமியன். சுற்றிலும் லத்தீனில் ஒரு வரி: 'கராசியஸும் அவர் சகோதரர்களும்'.

யோசிச்சுப் பாருங்க. யார் இவரைக் கொல்ல உத்தரவு போட்டாரோ, அவரையே 'என் சகோதரர்' என்று காசில் பக்கத்தில் நிறுத்துகிறார். காசின் பின்புறத்தில் 'அமைதி' என்று எழுதி, மூன்று பேரரசர்கள் இருப்பதைக் காட்ட 'ஆகஸ்டஸ்' என்பதன் சுருக்கத்தில் கடைசி எழுத்தை மூன்று தடவை போட்டிருக்கிறார். ஒருத்தர் நம்மோடு நண்பராக இல்லாதபோதே குரூப் போட்டோ எடிட் செய்து ஸ்டேட்டஸில் வைப்பது மாதிரி.

இந்தக் காசு தங்கத்தில் அடித்தது இல்லை. செம்பு கலந்த சாதாரணக் காசு. காரணம், இதைப் பார்க்க வேண்டியவர்கள் பிரிட்டனில் இருந்த படைவீரர்களும் வியாபாரிகளும். "நம்ம ஆள் கலகக்காரன் இல்லை, மற்ற ரெண்டு பேருக்கும் சமமானவன்" என்று அவர்கள் நம்பினால்தான் கராசியஸால் தாக்குப்பிடிக்க முடியும்.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவே இல்லை. டயோக்ளீஷியனின் காசு எதிலும் கராசியஸ் முகம் கிடையாது. 293-ல் ரோமப் படை பூலோன் துறைமுகத்தைப் பிடித்தது. அதே வருஷம் கராசியஸை அவருடைய நிதி அதிகாரி அலெக்டஸே கொன்றார். 296-ல் பிரிட்டன் மறுபடி பேரரசின் கைக்குள் வந்தது. அந்த மூன்று தலைக் காசு மட்டும், நிறைவேறாத ஒரு கோரிக்கை மனு மாதிரி, சில பிரதிகளில் மிஞ்சி நிற்கிறது.

நம்மைப் பார்க்கும் சிறுவன்

இப்ப நேர் முகத்துக்கு வருவோம்.

காசில் நேர் முகம் செதுக்குவது பெரிய தலைவலி. பக்கவாட்டு முகத்தில் ஒரு கோடு போதும், நெற்றி, மூக்கு, தாடை மூன்றும் வந்துவிடும். நேர் முகத்தில் மூக்குதான் எல்லாவற்றையும்விட மேடாக நிற்கும். காசு கை மாறக் கை மாற முதலில் தேய்வது அந்த மூக்குதான். பத்து வருஷம் புழங்கினால் பேரரசர் மூக்கில்லாத ஆளாகிவிடுவார். பழைய கிரேக்க நகரங்களில் சில அற்புதமான நேர் முகக் காசுகள் உண்டு. ரோமிலும் ஓரிருவர் முயன்று பார்த்தார்கள். கால் நாட்டில் தனி ஆட்சி நடத்திய போஸ்டுமஸ், பிறகு மாக்சென்டியஸ். அதெல்லாம் அபூர்வம்.

321 வாக்கில் கிழக்கே நிகோமீடியாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மித்தில், பேரரசர் லிசினியஸ் ஒரு தங்கக் காசு வெளியிட்டார். ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். அதில் லிசினியஸ் நேராக நம்மைப் பார்க்கிறார். குட்டை முடி, குட்டைத் தாடி, அகலமான கண்கள். தன் மகனின் ஐந்தாம் ஆண்டு விழாவுக்காக வெளியிட்டது என்று அந்தக் காசிலேயே எழுதியிருக்கிறது.

மகன் பெயரும் லிசினியஸ்தான். 317 மார்ச் 1-ஆம் தேதி இளைய ஆட்சியாளராக அறிவிக்கப்பட்டபோது அவன் கைக்குழந்தை. அவனுக்கும் தனியாக ஒரு தங்கக் காசு உண்டு. அதிலும் நேர் முகம்தான். ஆறு வயசுப் பையன், அப்பாவைப் போலவே உடுத்திக்கொண்டு நம்மை நேராகப் பார்க்கிறான்.

பின்புறத்தில் யார் தெரியுமா? சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் ஜூபிடர். அவரும் நேராகத்தான் பார்க்கிறார். இது நமக்கு எளிதாகப் புரியும். கோயிலில் கர்ப்பகிருகத்துக்கு முன்னால் போய் நின்றால் சுவாமி பக்கவாட்டிலா நிற்கிறார்? நேராக நம்மைப் பார்க்கிறார், நாம் அவரைப் பார்க்கிறோம். அதைத்தானே தரிசனம் என்கிறோம். லிசினியஸ் கேட்டதும் அதே மரியாதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஜூபிடர், எனக்கு அடுத்து என் பிள்ளை.

இதையெல்லாம் மேற்கிலிருந்து ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார். லிசினியஸின் மச்சான் கான்ஸ்டன்டைன். லிசினியஸ் கட்டியது கான்ஸ்டன்டைனின் தங்கை கான்ஸ்டான்ஷியாவை. 324-ல் மச்சான்கள் இருவருக்கும் பெரிய போர். லிசினியஸ் தோற்றார். கான்ஸ்டான்ஷியா போய் அண்ணனிடம் கெஞ்சி, புருஷன் உயிருக்கு வாக்குறுதி வாங்கினாள். அடுத்த வருஷமே லிசினியஸ் கொல்லப்பட்டார். அதற்கடுத்த வருஷம், 326-ல், அந்தப் பையனும். அப்போது அவனுக்குப் பத்துப் பதினோரு வயசு.

நான் இந்தக் காசின் படத்தை முதல்முதலில் ராத்திரி போனில் பெரிதாக்கிப் பார்த்தபோது இந்த முடிவு எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு பார்ப்பது வேற மாதிரி இருந்தது. தாத்தா டப்பாவில் இருந்த ராஜாக்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று குறைப்பட்டேன். பார்க்கிறவன் ஒருத்தன் கிடைத்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை.

ஒரே ஆள், மூன்று முகம்

ஜெயித்த கான்ஸ்டன்டைன் கதை இன்னும் சுவாரசியம். அவர் ஒரே முகத்தில் நிற்கவில்லை.

313-ல் வட இத்தாலியில் டிசினம் என்ற ஊரில், இன்றைய பாவியாவில், ஒரு பெரிய தங்கப் பதக்கம் அடித்தார்கள். எடை சுமார் நாற்பது கிராம், ஐந்து பவுன். இன்று பாரிஸில் இருக்கிறது. அதில் கான்ஸ்டன்டைனின் பக்கவாட்டு முகம். அவருக்குப் பின்னால் ஒட்டியபடியே இன்னொரு முகம், தலையில் கதிர் முடியோடு. அது சூரிய தேவன் சோல். இரண்டு முகமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

அதே ஊரிலிருந்து, வழக்கமாக 315 என்று கணிக்கப்படும் ஒரு வெள்ளிப் பதக்கம். இதில் கான்ஸ்டன்டைன் முக்கால்வாசி நம் பக்கம் திரும்பியிருக்கிறார். கையில் குதிரையின் கடிவாளம். தலைக்கவசத்தின் முன்னால் சின்னதாக ஒரு குறி. கிறிஸ்துவின் பெயரிலுள்ள முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளைச் சேர்த்த கை-ரோ. ஆனால் கேடயத்தில் ரோமின் பழைய ஓநாய், குட்டிகளுக்குப் பதிலாக இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பதக்கத்தில் மூன்றே பிரதிகள்தான் நமக்குத் தெரியும். மியூனிக்கில் ஒன்று, வியன்னாவில் ஒன்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒன்று.

இரண்டு வருஷ இடைவெளியில், ஒரே அக்கசாலையில், ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் கிறிஸ்து. "அப்ப இவர் எந்தப் பக்கம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த மாதிரிப் பதக்கங்கள் கடைவீதியில் புழங்கியவை இல்லை. தளபதிகளுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும் விழா நாளில் கொடுத்த பரிசுகள். ஆளுக்கு ஏற்ற மாதிரி முகம் காட்டியிருக்கிறார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

மூன்றாவது முகம் 324-க்குப் பிறகு, லிசினியஸ் ஒழிந்து முழுப் பேரரசும் கையில் வந்த பிறகு. இப்போது கான்ஸ்டன்டைன் மறுபடி பக்கவாட்டில்தான் இருக்கிறார், ஆனால் தலை லேசாகப் பின்னால் சாய்ந்து கண்கள் வானத்தைப் பார்க்கின்றன. நெற்றியில் ஒரு பட்டம். நாம 'பட்டம் கட்டினாங்க'ன்னு சொல்றோமே, அதே மாதிரித் தலையைச் சுற்றிக் கட்டும் பட்டைதான். கிரேக்க அரசர்கள் கட்டியது. அரசன் என்ற வார்த்தையே பிடிக்காத ரோமர்கள் அதை முந்நூறு வருஷமாகப் பொதுவாகத் தவிர்த்து வந்தார்கள். கான்ஸ்டன்டைன் கட்டிக்கொண்டார். இந்த வகைக் காசுகள் பலவற்றில் முகம் இருக்கும் பக்கத்தில் பெயர்கூட இல்லை. தேவைப்படவில்லை.

அவருடைய வாழ்க்கையை எழுதிய ஆயர் யூசிபியஸ், பேரரசர் கடவுளிடம் ஜெபிப்பது போலத் தன்னைக் காசில் பதிக்கச் சொன்னார் என்கிறார். ஆனால் ஒரு கிரேக்கர் அந்தக் காசைப் பார்த்திருந்தால் அலெக்சாண்டர்தான் ஞாபகத்துக்கு வந்திருப்பார். அலெக்சாண்டர் இறந்த பிறகு அவருடைய தளபதி லைசிமாகஸ் அடித்த காசுகளில் அதே மேல்நோக்கிய பார்வை உண்டு. கிறிஸ்தவருக்கு ஜெபம், மற்றவர்களுக்கு அலெக்சாண்டர். யாரும் கோபப்பட வழியில்லை. அபூர்வ முகங்களிலேயே கெட்டிக்காரத்தனமானது இதுதான் என்பேன்.

தாடி வைத்த மூன்று பேர்

கான்ஸ்டன்டைன் முகத்தை மழித்தவர். அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளும் அப்படியே. மழித்த முகம் என்றால் கான்ஸ்டன்டைன் குடும்பம் என்று ஆகிவிட்டது. அந்தக் குடும்பத்திலேயே பிறந்த ஜூலியன், 355-ல் இளைய ஆட்சியாளர் ஆனபோது காசில் மழித்த முகத்தோடுதான் இருக்கிறார். 361-ல் தனிப் பேரரசர் ஆனதும் தாடி வருகிறது. நீளத் தாடி, தத்துவ ஞானிகளின் தாடி. பழைய தெய்வங்களிடம் திரும்பிவிட்டேன் என்பதை அவர் ஒளிக்கவில்லை.

அந்தியோக்கியா நகரத்து மக்கள் அந்தத் தாடியையும், அவர் காசில் இருந்த காளை மாட்டையும் சேர்த்துக் கேலி செய்தார்கள். ஜூலியன் என்ன செய்தார் தெரியுமா? 363-ல் 'தாடியை வெறுப்பவன்' என்ற தலைப்பில் ஒரு நூலே எழுதினார். தன் தாடியைத் தானே நக்கலடித்து, அதில் பேன் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார். அதே வருஷம் பாரசீகப் போரில் இறந்தார்.

இரண்டு வருஷம் கழித்து, 365-ல், ஜூலியனின் உறவினர் புரோகோபியஸ் ஆட்சியைப் பிடிக்கக் கிளம்பினார். அவர் காசிலும் தாடி. "நான் ஜூலியனின் ஆள்" என்று அதற்கு அர்த்தம். 366-ல் தலை போனது. 392-ல் மேற்கே யூஜினியஸ் என்ற இலக்கண ஆசிரியரைப் பேரரசராக்கினார்கள். அவர் கிறிஸ்தவர், ஆனால் பழைய மதத்துக்காரர்கள் அவர் பின்னால் திரண்டார்கள். அவர் காசிலும் தாடி. 394-ல் தியோடோசியஸிடம் தோற்று அவர் தலையும் போனது.

அபூர்வம் வழக்கமானது

அடுத்த வருஷம், 395-ல், தியோடோசியஸ் இறந்தார். அவருடைய மகன் ஆர்காடியஸ் காலத்தில் கிழக்கில் ஒரு மாற்றம் நடந்தது. தங்கக் காசில் பேரரசர் தலைக்கவசத்தோடும் ஈட்டி, கேடயத்தோடும் முக்கால்வாசி நம் பக்கம் திரும்பி நிற்கும் உருவம் நிரந்தரமானது. இதைக் கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டான்ஷியஸ் முன்பே பயன்படுத்தியிருந்தார். இப்போது அதுவே விதி. கிட்டத்தட்ட நூற்றி நாற்பது வருஷம் ஓடியது. 538 வாக்கில் ஜஸ்டினியன் அதையும் முழு நேர் முகமாக மாற்றினார்.

லிசினியஸுக்குப் பெரிய துணிச்சலாக இருந்த விஷயம் இப்போது எல்லோருக்கும் பொது. கூடவே இன்னொன்றும் நடந்தது. ஆர்காடியஸ், அவர் மகன் இரண்டாம் தியோடோசியஸ், அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லோருக்கும் மறுபடி ஒரே முகம். பெயரைப் படித்தால்தான் யாரென்று தெரியும். டயோக்ளீஷியன் காலத்துக்கே திரும்பி வந்த மாதிரி.

எனக்கு இதில் ஒரு கணக்குப் புலப்படுகிறது. 'நீ எந்த உரிமையில ஆளுற?' என்ற கேள்விக்கு ஊருக்கே ஒரே பதில் தெரியும்போது பேரரசரின் முகம் வார்ப்புப் போட்ட மாதிரி இருக்கிறது. பதில் தெரியாதபோதுதான் ஆளாளுக்கு ஒரு முகம். கராசியஸ் சகோதரர்களைக் காட்டினார், லிசினியஸ் பிள்ளையைக் காட்டினார், கான்ஸ்டன்டைன் வானத்தைக் காட்டினார், ஜூலியன் தாடியைக் காட்டினார். பெரும்பாலும் அந்தக் காசுகள் குறைவாகக் கிடைப்பதற்குக் காரணமும் அதுதான். அந்தப் பதிலைச் சொன்னவர்கள் நிலைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. 692 வாக்கில் இரண்டாம் ஜஸ்டினியன் அடித்த தங்கக் காசில், முன்புறத்தில் கிறிஸ்து நேராகப் பார்க்கிறார். பேரரசர் பின்புறத்துக்குப் போய், கையில் சிலுவையோடு நிற்கிறார். லிசினியஸ் காசில் கடவுள் பின்னால், அரசன் முன்னால். இங்கே இடம் மாறிவிட்டது.

நம்ம பக்கத்துக்கும் இந்தக் காலத்துக் காசுகள் வந்திருக்கு. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் நாலாம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைப் பற்றி 1994-ல் தனிப் புத்தகமே போட்டார். பெரும்பாலும் கட்டைவிரல் நகம் அளவுதான், தேய்ந்து போனவை. இன்று நாம் பேசிய அபூர்வ முகங்களைத் தேடி அங்கே போக வேண்டாம். அவை சாதாரண மக்களின் சில்லறை. அதில் பேரரசர் பழையபடி பக்கவாட்டில், வேற எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்.

தாத்தாவின் டப்பா இப்போது என்னிடம்தான் இருக்கிறது. முன்பு இருந்த மனக்குறை இப்போது இல்லை. யாரும் என்னைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத ராஜாக்கள் அவர்கள். நேராகப் பார்த்த அந்த ஆறு வயசுப் பையனுக்குத்தான் நம்ம பார்வை தேவைப்பட்டது.